செம்புத் தகட்டில் உழவர் வாழ்வு

மன்னரையும் மாளிகையையும் வரைந்த ஓவியர் பலர். குனிந்து மண்ணைக் கொத்தும் ஏழையை வரைவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் சிலரே. அச்சிலருள் தலையாயவர் பிரான்சு நாட்டு ஓவியர் ழான் பிரான்சுவா மில்லே ஆவார்.

இவர் 1814 அக்டோபர் 4-ஆம் நாள், நார்மண்டிப் பகுதியின் கடலோரச் சிற்றூராகிய க்ருஷியில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் தந்தையாருடன் வயலில் உழைத்தார். பின்னர் ஷெர்பூர் நகரில் ஓவியம் பயின்று, 1837-இல் உதவித்தொகை பெற்றுப் பாரீசு சென்றார். அங்குப் பிழைப்பின் பொருட்டு உருவப்படங்கள் வரைந்துவந்த அவர், 1849-இல் குடும்பத்தோடு பார்பிசோன் என்னும் சிற்றூரில் குடியேறினார். அதன்பின் உழவர் வாழ்வே அவர்தம் கலைக்குப் பொருளாயிற்று.

வண்ண ஓவியங்களால் புகழ்பெற்ற மில்லே, 'எட்சிங்' எனப்படும் அமில அரிப்பு ஓவியத்திலும் வல்லவர். செம்புத் தகட்டில் மெழுகுக் கலவை பூசி, ஊசியால் கீறி வரைந்து, தகட்டை அமிலத்தில் இடுவர். கீறிய இடங்களை மட்டும் அமிலம் அரிக்கும். அப்பள்ளங்களில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் ஓவியம் தாளில் பதியும். ஒரே தகட்டிலிருந்து பல படிகள் எடுக்கலாம் என்பதே இக்கலையின் தனிச்சிறப்பாகும்.

மில்லேயின் தகடுகளில் நாம் காண்பவை யாவை? வெண்ணெய் கடையும் பெண்ணும், அவள் பாவாடையில் உரசி நிற்கும் பூனையும். விளக்கொளியில் தைக்கும் மகளிர். நிலத்தைக் கொத்தும் இரு உழவர். மடியில் குழந்தையை இருத்திக் கரண்டிக் கஞ்சியை ஊதி ஆற்றும் தாய். இவர்கள் முகத்தில் ஒப்பனையும் இல்லை. இரக்கத்தை யாசிக்கும் பாவனையும் இல்லை. செய்யும் தொழிலே அவர்களுக்குப் பெருமை தருகின்றது.

அறுவடைக்குப்பின் உதிர்ந்து கிடக்கும் கதிர்களைப் பொறுக்கும் ஏழைப் பெண்களையும் அவர் தகட்டில் தீட்டினார். அதே பொருளில் அமைந்த வண்ண ஓவியம் 1857-இல் பாரீசுக் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது செல்வர் சிலர் முகஞ்சுளித்தனர். 1848-ஆம் ஆண்டுப் புரட்சியை மறவாத அவர்களுக்கு, ஏழையின் உருவமே அச்சுறுத்தலாகத் தோன்றிற்று. விளைச்சலில் எளியோர்க்குரிய பங்கை அறுவடை நாளிலேயே கொடுத்துவிடப் பணிக்கும் திருமறையை அறிந்த நமக்கோ, அப்பெண்கள் அந்நியர் அல்லர், உரிமையுடையோர்.

1869-இல் வெளிவந்த ஒரு நூலுக்காக, நூல் நூற்கும் பெண்ணொருத்தியை மில்லே தகட்டில் வரைந்து கொடுத்தார். படிகள் அரியனவாக இருந்தால்தான் விலை உயரும் என்பது வணிகர் கணக்கு. எனவே, குறித்த படிகள் எடுத்தபின் தகட்டை அழிப்பது வழக்கமாக இருந்தது. இச்செயலைக் காட்டுமிராண்டித்தனம் என அவர் தம் நண்பருக்கு எழுதிய மடலில் கண்டித்தார். ரெம்பிராண்டின் தகடாயினும் இவ்வாறே அழிந்திருக்குமே என வருந்தினார். வறுமையில் உழன்றவர் விலையைப் பெரிதாக எண்ணவில்லை என்பது இங்கு நினையத்தக்கது.

1875 சனவரி 20-ஆம் நாள் மில்லே மறைந்தார். பின்னாளில் வான்கோ அவரைத் தம் ஆசானாகக் கொண்டு, அவருடைய ஓவியங்களின் அச்சுப்படிகளைப் பார்த்தே இருபதுக்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டினார். மூல ஓவியம் ஒருவர் சுவரில் தங்கிவிடும்; படியோ ஏழைக் கலைஞனின் அறைக்கும் செல்லும். கல்வியும் கலையும் சிலரது உடைமையாகிவிடாமல் பலரையும் சென்றடைய வேண்டும். மில்லேயின் வாழ்வு மாணவர்க்கு உணர்த்தும் பாடம் இதுவே.