ஓமந்தூரார் தொடங்கியதும் நாம் முடிக்க வேண்டியதும்

உளுந்தூர்பேட்டை அன்று தென்னார்க்காடு மாவட்டத்து ஊர். அதே மாவட்டத்தில், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில், 1895இல் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் இராமசாமி ரெட்டியார். 1947 மார்ச்சில் சென்னை மாகாண முதலமைச்சரானார்.

அவர் காங்கிரசுக்காரர்; நாம் வேறு முகாம். கருஞ்சட்டைப் படைக்குத் தடை விதித்தது அவரது ஆட்சி. 1948இல் பள்ளிகளில் இந்தியைப் புகுத்தி நம் எதிர்ப்பைச் சந்தித்ததும் அவரது ஆட்சியே. அதை நாம் மறக்கவில்லை. ஆனால் மாற்றார் செய்த நன்மையை மறைப்பது நம் பண்பல்ல. தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் நிறைவேறியதும் அவர் காலத்தில்தான்.

1937இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கி, போர்க்காலத்தில் கைவிடப்பட்ட மதுவிலக்கை, 1948 அக்டோபர் 2ஆம் நாள் மாகாணம் முழுமைக்கும் ஆக்கினார் ஓமந்தூரார். கருவூலத்துக்கு வந்த பணம் போயிற்று. பாட்டாளி வீட்டு அடுப்பு எரியட்டும் என்று துணிந்தார். 1949 ஏப்ரலில், சொந்தக் கட்சியின் உட்பூசலால் பதவி துறந்தார். பின்னர் வடலூரில் வள்ளலார் வழியில் தொண்டாற்றி, 1970இல் மறைந்தார்.

ஆனால் ஒன்று குறைந்தது. சட்டம் கடையை மூடியது, குடித்தவனைச் சிறைக்கு அனுப்பியது, மருத்துவரிடம் அனுப்பவில்லை. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மாண்டவர் யார்? நம் உழைப்பாளித் தோழர்கள்!

குடிப்பழக்கம் முற்றினால் அது நோய் என்று இன்று அறிவோம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் குடிநோயையும் தன்னுள் அடக்குகிறது. சிகிச்சை இல்லங்கள் பதிவு பெற வேண்டும்; மூன்றாண்டுக்கு ஒருமுறை தணிக்கை நடக்க வேண்டும்; எவரையும் சங்கிலியால் கட்டக்கூடாது. இது ஏட்டில் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினரே, அது போதாதா பாடம்?

தோழர்களே! உங்கள் ஊரில் மறுவாழ்வு இல்லம் என்று பலகை தொங்கினால், பதிவுச் சான்று எங்கே என்று கேளுங்கள். மருத்துவர் வருகிறாரா, பூட்டிய அறை உண்டா என்று விசாரியுங்கள். சான்று இல்லையேல் மாவட்ட ஆட்சியருக்கு மனுக் கொடுங்கள். எவர் ஆட்சியாயினும் கேட்போம். கடையை மூட ஓர் உழவர் துணிந்தார். நோயாளியைக் காக்க நாம் துணிய வேண்டாமா?