வாசகர்க்கு வழிகாட்டிய ஆசான் இரங்கநாதனார்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகும் எம் மாணவர், அங்குள்ள நூல்நிலையத்துள் முதன்முறை நுழைகையில் திகைத்து நிற்றல் இயல்பே. அடுக்கடுக்காய் நிற்கும் நூல்களிடையே வேண்டியதை எங்ஙனம் கண்டெடுப்பது? பிறரைக் கேட்கவும் நாணம் தடுக்கும். இஃது அறிவின் குறையன்று, பயிற்சியின் குறையே. இதனை நன்குணர்ந்து தொண்டாற்றிய பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

சீர்காழி இராமாமிருத இரங்கநாதனார் 1892 இல் சீர்காழியிற் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, ஆசிரியப் பயிற்சியும் பெற்று, மங்களூர், கோயம்புத்தூர், சென்னை ஆகிய இடங்களிற் கணிதம் போதித்தார். திக்குவாய் இடராயிருந்தும் அதனை வென்று நல்லாசிரியராய் விளங்கினார். 1924 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராயினார். மாணவர் சூழ வாழ்ந்தவருக்கு அப்பணியின் தனிமை கசந்தது; வகுப்பறைக்கே மீள விழைந்தார். எனினும் அவ்வாண்டே நூலகப் பயிற்சிக்கென இலண்டன் சென்றவர், சிறுவர், தொழிலாளர், கற்றோர் என யாவர்க்கும் பொதுநூல்நிலையங்கள் பயன்படுதலைக் கண்டு மனம் மாறினார். 1925 இல் தாயகம் மீண்டார்.

வாசகர் தாமே தட்டுகளிடையே சென்று நூல்களை ஆராய்ந்தெடுக்க வழிசெய்தார். 1931 இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் காவலுக்கன்று, பயனுக்கே என்பதும், வாசகரின் காலம் வீணாகலாகாதென்பதும் அவற்றுட் சில. 1933 இல் வெளிவந்த அவரது கோலன் பகுப்புமுறை, ஒரு பொருளைப் பல கூறுகளாகப் பிரித்து, அவற்றை முக்காற்புள்ளியால் இணைத்துக் குறியிடுவது. ஒரு பொருள்பற்றிய நூல்கள் ஓரிடத்தே சேர்ந்து நிற்றலால், ஒன்றைத் தேடுவோர் அதன் இனத்தனவற்றையும் காண்பர்.

ஆயினும் பகுப்புமுறை மட்டும் போதாதென அவர் அறிவார். புதுமாணவர்க்கு நூற்பட்டியலையும் தட்டுகளின் ஒழுங்கையும் உசாத்துணை நூல்களையும் அறிமுகஞ்செய்தல் நூலகரின் கடமையென வலியுறுத்தினார். வகுப்பறையை விட்டவர் ஆசிரியத் தொழிலை விட்டாரல்லர்!

பின்னர்க் காசியிலும் தில்லியிலும் பணிபுரிந்தார். 1957 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1962 இல் பெங்களூரில் ஆவணவியல் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். தாம் சேமித்த ஓரிலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியற் பேராசிரியர் பதவிக்கென ஈந்தார். 1972 இல் மறைந்தார்.

இன்று நூற்பட்டியல் கணினியுள் அடங்கியுள்ளது. எனினும் வினாவைத் தெளிவாக்கல், தகுந்த சொல்லால் தேடல், பொருளடக்கமும் சுட்டியும் நோக்கல், எடுத்த இடத்தைக் குறித்துவைத்தல் ஆகியவற்றைக் கணினி கற்பியாது. ஆசிரியரே கற்பித்தல் வேண்டும். வீட்டில் நூலலமாரி காணாத தோட்டப் பிள்ளைகட்கு இப்பயிற்சி பல்கலைக்கழகம் புகுமுன்னரே கிட்டுதல் நன்று. வாரத்தில் ஒரு பாடவேளையை ஆசிரியர் இதற்கு ஒதுக்குவாராக. நூல்களை நன்கொடையாக வழங்கும் பழைய மாணவர், அவற்றைத் தேடிப் பயிலும் வழியைக் காட்டவும் சிறிது நேரம் ஈவாராயின், அதுவே இரங்கநாதனார்க்கு யாம் செய்யும் தக்க நன்றியாகும்.