தஞ்சைக் கல்வெட்டைப் படம் பிடித்த கேப்டன் ட்ரைப்



வல்வில் ஓரி விழாவுக்குப் போய் வந்தால் உங்கள் செல்போனில் நூறு படங்களாவது சேர்ந்துவிடும். ஒரே படத்துக்குப் பல மணி நேரம் பாடுபட்ட ஒருவரை இந்த இதழில் தெரிந்துகொள்ளுங்கள்.

லின்னேயஸ் ட்ரைப் 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து இந்தியா வந்தார். 1857-இல் சென்னை அரசு அவரைப் புகைப்படக்காரராக நியமித்தது. ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று கனமான கருவிகளோடு சுற்றினார். 1858-இல் வந்த அவரது தொகுப்புகளில் ஒன்று, அன்றைய சேலம் மாவட்டத்து ராயக்கோட்டை முதலிய இடங்களைப் பற்றியது. நம் கொல்லிமலையும் 1997-இல் நாமக்கல் மாவட்டம் பிரியும்வரை சேலத்தோடுதான் இருந்தது.

அவர் காலத்தில் பிலிம் ரோல் கிடையாது. தாளில் மெழுகேற்றி, வெள்ளி உப்பு பூசி, கேமராவுக்குள் வைப்பார். வெளிச்சம் பட்ட இடத்தில் அந்த உப்பு மாறும். மருந்தில் கழுவினால் நெகடிவ் கிடைக்கும். அதிலிருந்து இன்னொரு தாளில் படம் எடுப்பார். பின்னாளில் வந்த பிலிமுக்கும் இதே வெள்ளி உப்புதான் அடிப்படை. உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஒரு ரோலுக்கு 36 படம், கழுவி வந்த பிறகுதான் யார் கண்ணை மூடினார்கள் என்பதே தெரியும்.

உங்கள் செல்போனில் பிலிமுக்குப் பதிலாகச் சென்சார் இருக்கிறது. அதிலுள்ள கோடிக்கணக்கான நுண்ணிய புள்ளிகள் ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியை மின்சாரமாக்குகின்றன. அது எண்ணாக மாறி மெமரியில் பதிகிறது. பிடிக்காவிட்டால் உடனே அழித்துவிடலாம்.

ட்ரைப் செய்த பெரிய வேலை தஞ்சைப் பெரிய கோயிலில். அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை, கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். இன்று நீங்கள் செல்போனைத் திருப்பி எடுக்கும் பனோரமாவை அவர் கையாலேயே செய்தார். வானம் வெறுமையாக விழுந்த நெகடிவ்களில் மேகங்களைத் தீட்டியும் சேர்த்தார். படத்தைத் திருத்துவது இன்று வந்த பழக்கமல்ல.

1859-இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெலியன், செலவு அதிகம் என்று அந்தப் பணியை நிறுத்தினார். அதன்பின் ட்ரைப் படம் எடுப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டார். 1902-இல் காலமானார். அவர் எடுத்த படங்களோ லண்டன் அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன.

காரணம், அவை தாளில் இருந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளும் இருந்தன. தாள் மெல்ல மெல்லத்தான் மங்கும். செல்போன் படம் மங்காது. ஆனால் போன் தண்ணீரில் விழுந்து பழுதானால் எல்லாம் போய்விடக்கூடும். தாத்தா பாட்டி முகம், பழைய ஓட்டு வீடு, சாமை விளைந்த காடு இவையெல்லாம் உங்கள் போனில் மட்டும் இருக்கின்றனவா? பத்துப் படங்களையாவது பிரிண்ட் போட்டு, பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள். இன்னொரு பிரதியை வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள். பேரப்பிள்ளைகள் நம்மைப் பார்க்க அதுவே வழி.