போட்டோஷாப் இல்லாத காலத்து ஹெச்டிஆர்: வானத்தையும் கடலையும் ஒட்டவைத்த லெ க்ரே

கடற்கரையில் சூரியன் மறையும் நேரம். மொபைலை எடுத்து ஒரு க்ளிக். வானம் சரியாக வந்தால், மணலில் நிற்கும் ஆட்கள் கருப்பாகிவிடுகிறார்கள். ஆட்கள் தெளிவாக வந்தால், வானம் வெறும் வெள்ளைத் தாள்.

இதைச் சமாளிக்கத்தான் ஹெச்டிஆர் வசதி. வெளிச்ச அளவை மாற்றி மாற்றிச் சில படங்களை எடுத்து, ஒன்றாகச் சேர்க்கும் முறை. ஆனால், எடிட்டிங்கில் கொஞ்சம் ஓவராகப் போனால் போதும். மேகம் புகை மாதிரி, முகம் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். இயல்பாக வரவைப்பது எப்படி? இதற்கு, 1850-களிலேயே இரண்டு படங்களை ஒட்டி வேலை பார்த்த ஒரு பிரெஞ்சுக்காரரின் கதை உதவும்.

யார் இந்த லெ க்ரே?

குஸ்தாவ் லெ க்ரே 1820-ல் பாரிஸ் அருகே உள்ள வில்லியே-லெ-பெல் என்ற ஊரில் பிறந்தவர். முதலில் படித்தது ஓவியம். போல் தெலரோஷ் என்ற புகழ்பெற்ற ஓவியரிடம் பயிற்சி பெற்றார். சில வருடங்கள் ரோமில் இருந்தார், அங்கேயே கல்யாணமும் ஆனது. பாரிஸ் திரும்பிய பிறகு கேமராவைக் கையில் எடுத்தார்.

படம் எடுப்பதோடு நிற்காமல், வேதியியலிலும் இறங்கினார். காகித நெகட்டிவை மெழுகில் ஊறவைத்துப் பயன்படுத்தும் முறையை உருவாக்கினார். நுணுக்கமான விவரங்கள் அதில் நன்றாகப் பதிந்தன. 1851-ல் பிரான்ஸின் பழைய கட்டடங்களைப் படமெடுக்க அரசு தேர்ந்தெடுத்த ஐந்து பேரில் இவரும் ஒருவர். பலருக்கு போட்டோகிராபி சொல்லிக்கொடுத்த ஆசிரியரும்கூட.

வானம் ஏன் வெளுத்தது?

அந்தக் காலத்து நெகட்டிவுக்கு நீல வெளிச்சம் என்றால் ரொம்பவே கூச்சம். கடலும் தரையும் பதியும் அளவுக்கு லென்ஸைத் திறந்துவைத்தால், அதற்குள் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, மேகமெல்லாம் காணாமல் போய்விடும். அதனால் அன்றைய இயற்கைக் காட்சிப் படங்கள் பலவற்றில் வானம் வெறுமையாகத்தான் இருக்கும்.

1856 முதல் 1858 வரை லெ க்ரே எடுத்த கடல் படங்கள் பார்த்தவர்களை அசரவைத்தன. அவற்றில் பொங்கும் அலையும் இருந்தது, மேகமும் இருந்தது. எப்படி? பல படங்களில் அவர் செய்தது இதுதான்: கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு இன்னொன்று. பிரிண்ட் போடும்போது வானப் பகுதியை மறைத்துக் கடலைப் பதித்தார். பிறகு கடலை மறைத்துவிட்டு, அதே தாளில் வானத்தைப் பதித்தார். சில சமயம் ஒரே வானம் வேறு வேறு படங்களில் வந்ததும் உண்டு.

ஒட்டு தெரியாதது ஏன்?

தென் பிரான்ஸின் செத் துறைமுகத்தில் 1857-ல் எடுத்த ‘பெரிய அலை’ படத்தைப் பாருங்கள். ஒட்டு எங்கே இருக்கிறது? கடலும் வானமும் சந்திக்கும் அடிவானக் கோட்டில். அங்கே எப்படியும் ஒரு கோடு இருக்கும் என்பதால், கண் சந்தேகப்படுவதில்லை.

அடுத்தது முக்கியம். இடது பக்கம் உள்ள அலைதடுப்புச் சுவரும், கீழே உள்ள பாறைகளும் கருமையாகவே இருக்கின்றன. அந்தக் கருமைதான் நுரையின் வெண்மையைத் தூக்கிக் காட்டுகிறது. இன்றைய எடிட்டிங்கில் நாம் தவறுவது இங்கேதான். நிழலில் இருப்பதையெல்லாம் வெளிச்சத்துக்கு இழுத்துவிடுகிறோம்.

கடைசி வருடங்கள்

மூன்றாம் நெப்போலியனுக்கே படமெடுத்தவர். பாரிஸின் கபுசின் சாலையில் பெரிய ஸ்டூடியோ. பின்னாளில், 1874-ல் இம்ப்ரெஷனிச ஓவியர்களின் முதல் கண்காட்சி நடந்தது அதே கட்டடத்தில்தான். ஆனால் லெ க்ரேவுக்குத் தொழில் கணக்கு கைகூடவில்லை. ஸ்டூடியோ நொடித்துப்போனது.

1860-ல் குடும்பத்தை விட்டுவிட்டு, எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவின் படகில் ஏறினார். பலெர்மோவில் கரிபால்டியைப் படமெடுத்தார். இருவருக்கும் மனக்கசப்பு வர, மால்டாவில் பிரிந்தார்கள். லெபனான், சிரியா வழியாக எகிப்து போன லெ க்ரே, அங்கே ஓவிய ஆசிரியராக வாழ்ந்து 1884-ல் கெய்ரோவில் இறந்தார். பிரான்ஸுக்குத் திரும்பவே இல்லை. 1999-ல் லண்டன் ஏலத்தில் ‘பெரிய அலை’ படத்தின் ஒரு பிரதி 5 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. ஒரு போட்டோவுக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

நமக்கு என்ன பாடம்?

* வானம் தரையைவிடக் கொஞ்சமாவது வெளிச்சமாக இருக்கட்டும். நேரில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

* ஷேடோ ஸ்லைடரைக் கடைசிவரை இழுக்காதீர்கள். ஓரிரு இடங்கள் கருப்பாகவே இருக்கட்டும்.

* மரம், கட்டடம், தலைமுடி ஓரத்தில் வெள்ளை வளையம் தெரிகிறதா? பெரிதாக்கிப் பாருங்கள். தெரிந்தால் எஃபெக்டைக் குறையுங்கள்.

* வேறு வானத்தை ஒட்டினால், வெளிச்சம் வரும் திசை இரண்டு படத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். சூரியன் இடதுபக்கம், நிழலும் இடதுபக்கம் என்றால் குட்டு உடைந்துவிடும்.

* முடித்ததும் உடனே போஸ்ட் செய்யாதீர்கள். பத்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். அன்று கடற்கரையில் கண்ணால் பார்த்தது ஞாபகம் வருகிறதா, இல்லை எடிட்டிங்தான் கண்ணில் படுகிறதா? எடிட்டிங் என்றால், எல்லா ஸ்லைடரையும் பாதியாகக் குறைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள்.