கான்சாகிபு

கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்தது எமது திருமானூர். அவ்வாற்றின் கரையைப் பற்றியே மேற்கு நோக்கிச் செல்வோமாயின் திருவரங்கத் தீவை அடையலாம். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் அத்தீவிலும், அதனை அடுத்த திருச்சிராப்பள்ளிக் கோட்டையைச் சுற்றிலும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பல்லாண்டு பொருதனர். அப்போரில் புகழ் எய்திய தமிழ் வீரர் ஒருவரின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவர் ஏறக்குறைய 1725-இல் இராமநாதபுரச் சீமையைச் சேர்ந்த பனையூரில் வேளாளர் குடியிற் பிறந்தவர் என்பர். மருதநாயகம் என்பது அவரது இயற்பெயர் என வழங்கும். பின்னர் இசுலாம் தழுவி முகம்மது யூசுப்கான் ஆயினார். மாசா என்னும் கிறித்தவப் பெண்மணியை மணந்தார். மக்கள் அவரைக் கான்சாகிபு என அழைத்தனர்.

அந்நாளில் நம் நாட்டுப் போர்முறையே மாறிக்கொண்டிருந்தது. வேலும் வாளும் ஏந்திய வீரனது தனித்திறம் பின்னிடத், துப்பாக்கி ஏந்தி அணிவகுத்து ஒரு கட்டளைக்கு ஒருங்கே சுடும் சிப்பாய் முன்வந்தான். பக்கத்தில் நிற்பவன் குண்டுபட்டு வீழினும் அணி குலையாது நிற்றலே அவனது வீரம். இப்புதுக் கலையைக் கான்சாகிபு விரைவிற் கற்றார். முற்றுகையில் வெல்வது பீரங்கியினும் அரிசியே என்பதையும் திருச்சியில் அறிந்தார். தஞ்சைச் சீமையிலிருந்தும் தொண்டைமான் நாட்டிலிருந்தும் உணவுப்பொதிகளைப் பகைவர் இடையிற் கொணர்ந்து கோட்டையைக் காத்தோருள் அவர் தலைசிறந்தவர். தளபதி லாரன்சு அவரது திறத்தை வியந்தார். சிப்பாய்ப் படை முழுமைக்கும் தலைமையும், பொற்பதக்கமும் அவர்க்குக் கிடைத்தன. 1758 டிசம்பரில் லாலி சென்னைக் கோட்டையை வளைத்தபோது, கான்சாகிபு புறத்தே நின்று பிரெஞ்சுக்காரர்க்கு வரும் உணவை மறித்து அலைக்கழித்தார். 1759 பிப்ரவரியில் முற்றுகை நீங்கியது.

அவ்வாண்டே மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆட்சி ஐந்து இலட்ச ரூபாய்க் குத்தகைக்கு அவரிடம் வந்தது. ஏரிகளைச் செப்பனிட்டார், நெசவாளரை ஆதரித்தார், மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய மானியங்களை மீட்டளித்தார். ஆயினும் ஆங்கிலேயர்க்காகப் பூலித்தேவர் முதலிய பாளையக்காரரை ஒடுக்கியதும் அவரே. ஒருபுறமே கூறின் அது வரலாறாகாது.

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி, கான்சாகிபு தமக்கு அடங்கியவரே என வற்புறுத்தினார். கும்பெனியாரும் அதற்கு இசைந்தனர். தாம் காத்த கோட்டைக்காரரே தம்மைக் கைவிட்டனர் எனக் கண்ட அவர், 1763-இல் மதுரையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். முதல் முற்றுகை மழைக்காலம் வரவே கைவிடப்பட்டது. 1764 ஜூனில் நிகழ்ந்த பெருந்தாக்குதலையும் அவர் முறியடித்தார். அதன்பின் ஆங்கிலேயர் அவர் கற்ற பாடத்தையே அவர்மீது திருப்பினர்: உணவு வரும் வழிகளை அடைத்தனர். பசி கோட்டையுட் புகுந்தது. பசியின் பின்னே வஞ்சகமும் புகுந்தது. அக்டோபர் 13-ஆம் நாள் தொழுகையில் இருந்த அவரை, உடனிருந்த சீனிவாசராவும் பிரெஞ்சுத் தலைவன் மார்ச்சந்தும் பிறரும் பற்றிப் பகைவரிடம் ஒப்புவித்தனர் என்பர். அக்டோபர் 15-ஆம் நாள் அவர் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவரது அடக்கத்தலம் உளது.

திருச்சிப் போர் நிகழ்ந்த 1754-இல், கடல் கடந்த அமெரிக்கக் காடுகளிலும் பிரெஞ்சுக்காரரோடு ஆங்கிலேயர் பொருதனர். ஆங்கு ஆங்கிலேயர் பக்கம் நின்ற 22 வயது இளைஞர் ஒருவர் பின்னாளில் அவர்களையே எதிர்த்தார். அவரே வாஷிங்டன். அவர்க்கு ஒரு நாட்டுமக்கள் துணைநின்றனர். பிரெஞ்சு அரசு கப்பலும் படையும் அனுப்பிற்று. கான்சாகிபுக்கோ கூலிப்படையன்றி வேறு துணையில்லை; தம்மோடு சேர வேண்டிய பாளையக்காரரை அவரே முன்னர் ஒடுக்கியிருந்தார். வென்றவர் நாட்டின் தந்தை ஆயினார். தோற்றவர் கலகக்காரர் எனப்பட்டார்.

பிறர்க்காகப் போர்த்தொழில் கற்றுத் தம்மவரோடு பொருத வீரன், தனக்கென நிற்கும் நாளில் தனியனாவான். கான்சாகிபின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.