சர் சி.வி. ராமனும் வீணைக் குதிரையும்

ஹாஸ்டல்ல கிட்டார் வச்சிருக்கிற நண்பர்களுக்குத் தெரியும். கம்பி எங்கேயாவது உரசி இரைஞ்சா போதும், உடனே கடைக்குத் தூக்கிட்டு ஓடுவோம். கிட்டார்ல அது கோளாறு. ஆனா வீணையிலயும் தம்புராவிலயும் அந்த உரசல்தான் நாதத்துக்கே உயிர். அது எப்படின்னு இயற்பியல் கண்ணோட பார்த்தவர் சர் சி.வி. ராமன்.

1888 நவம்பர் 7-ம் தேதி திருச்சி பக்கத்தில் திருவானைக்காவலில் பிறந்தார். அப்பா சந்திரசேகர ஐயர் கணக்கும் இயற்பியலும் சொல்லிக் கொடுத்தவர். வீட்டில் வயலினும் வாசிப்பார். சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே, 1906-ல், ராமனின் முதல் ஆய்வுக்கட்டுரை லண்டன் இதழ் ஒன்றில் வெளிவந்தது. ஆனா அன்னைக்கு ஆராய்ச்சியை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. அதனால நிதித்துறைத் தேர்வு எழுதி, 1907-ல் கல்கத்தாவில் அரசு கணக்கு அதிகாரி ஆனார். அதே வருஷம் கல்யாணம். மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பவர்.

கல்கத்தா பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. ஆபீஸ் போகும் முன்னாடி ஒரு தடவை, ஆபீஸ் முடிஞ்சு ஒரு தடவை என்று அங்கே போய் ஆராய்ச்சி செய்தார். வயலின், ஏக்தாரா, தபலா, மிருதங்கம் என்று எதையும் விடவில்லை.

அப்போது ஐரோப்பாவில் ஒரு விதி நிலைத்திருந்தது. கம்பியின் ஒரு மேல்சுரத்துக்கு எந்த இடம் அசையாப் புள்ளியோ, அந்த இடத்தில் மீட்டினால் அந்த மேல்சுரம் எழாது. சரியா நடுவில் மீட்டினால் 2, 4, 6-வது மேல்சுரங்கள் வரக்கூடாது. வீணையிலும் தம்புராவிலும் ராமன் சோதித்தார். வரக்கூடாதது வந்தது!

காரணம் குதிரையில் இருந்தது. கிட்டாரில் கம்பி ஒரு மெல்லிய எலும்புத் துண்டின் விளிம்பில் சட்டென்று முடிந்துவிடும். வீணைக் குதிரையின் மேலே இருப்பதோ லேசா வளைந்த, அகலமான உலோகத் தட்டு. கம்பி அந்த வளைவை ஒட்டியே கிளம்புது. அதிரும்போது தட்டைத் தொட்டுத் தொட்டு விலகுது. ஒவ்வொரு தொடுதலும் கம்பிக்கு ஒரு சின்ன உதை. அடங்கிக் கிடக்க வேண்டிய மேல்சுரங்களும் அதில் எழுந்து விடுகின்றன. தம்புராவில் கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே வைக்கிற நூல் இந்த உரசலைச் சரியான இடத்தில் நிறுத்துது. 1921-ல் இதை ராமன் கட்டுரையாக்கினார். பேர் தெரியாத நம்ம ஆசாரிமார் கையால் கண்டுபிடிச்சு வச்சிருந்ததுக்கு அப்படி ஒரு இயற்பியல் விளக்கம் கிடைச்சது. 1967-ல் அமெரிக்காவில் வந்த கோரல் எலெக்ட்ரிக் சிதாரும், கிட்டாருக்கு அகலமான குதிரை வச்சுப் பார்த்த அதே யோசனைதான்.

இதுக்கு நடுவில், 1917-ல், கல்கத்தா பல்கலைக்கழகம் பாலித் பேராசிரியர் பதவி கொடுக்க முன்வந்தது. சம்பளம் குறைவு. கையில் இருந்ததோ அரசு வேலை, மேலே மேலே பதவி உயர்வு. ராமன் அதை ராஜினாமா செய்துவிட்டு வகுப்பறைக்குப் போனார். 1921-ல் கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஒளி பக்கம் இழுத்தது. 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல். 1970 நவம்பர் 21-ல் பெங்களூரில் காலமானார்.

பிளேஸ்மென்ட் வந்ததும் நம்மில் பலர் கிட்டாரை உறையில் போட்டு மூடிடுவோம். வேலையை விடச் சொல்லி ராமன் கதை சொல்லல. விட்டது பதினோராவது வருஷத்தில். முதல் பத்து வருஷம் வேலையையும் பார்த்துக்கிட்டு, காலையும் மாலையும் தன் கேள்வியையும் விடாமல் வச்சிருந்தார் என்பதுதான் நமக்கான பகுதி.

அடுத்த தடவை ஒரு தம்புரா கையில் கிடைத்தால் குதிரை மேல இருக்கிற நூலை லேசா நகர்த்திப் பாருங்க, நாதம் மாறும். திருப்பூர்ல இருந்து உடுமலை வரைக்கும் நூலுக்கு நமக்குப் பஞ்சமா என்ன?