கேட்டுப் பெற்ற வாழ்வு

நான் இக்கல்லூரியின் பழைய மாணவி. இப்போது வவுனியாவில் வசித்துக்கொண்டு, ஒட்டுசுட்டானுக்கு அப்பால் உள்ள ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டு. சுபஹுக்கு முன்பே எழுந்து அடுப்பை மூட்டினால்தான் ஐந்தரை மணி முல்லைத்தீவு பஸ்ஸைப் பிடிக்கலாம். அதற்குள் சோறு, கறி, மகளின் சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் ஆயத்தமாக வேண்டும். பிறகு பிள்ளைகளை மாமியிடம் விட்டுவிட்டு ஓடுவேன். பஸ் புளியங்குளத்தில் கிழக்கே திரும்பும்போதும் என் மனம் வீட்டுக் குசினியில்தான் நிற்கும்.

சென்ற மாரியில் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் லீவு எடுத்தேன். மூன்றாம் நாள் தவணைப் பரீட்சை, போயே ஆகவேண்டும். பின்னேரம் நான் வீட்டுக்கு வந்து கையை நீட்டியபோது, பிள்ளை என்னிடம் வராமல் மாமியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அன்றிரவு வேலையை விட்டு விலகுவதாக ஒரு கடிதம் எழுதிப் பையில் வைத்தேன்.

அந்தக் கடிதம் பைக்குள் கிடந்த நாட்களில்தான், பேச்சுப் போட்டிக்குப் போகும் மாணவி ஒருத்திக்குக் குறிப்பு எடுத்துக் கொடுப்பதற்காக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வரலாற்றை வாசித்தேன். அதுவரை அவரைப் பரீட்சைக்குரிய ஒரு வரியாகத்தான் அறிந்திருந்தேன்: பிரித்தானிய இந்தியாவின் சட்டசபையில் அமர்ந்த முதற்பெண். அவரும் இரண்டு பிள்ளைகளின் தாய் என்பதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

முத்துலட்சுமி 1886 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் திகதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் அங்குள்ள மகாராஜாக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர் என்பதால், அக்குடும்பம் ஊராரின் ஏளனத்துக்கு ஆளாகியிருந்தது. ஆண்கள் மட்டுமே படித்த அக்கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் அனுமதி வழங்கியதால் அவருக்கு அங்கே இடம் கிடைத்தது. 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912 இல் வைத்தியராக வெளியேறினார்.

1914 இல், வைத்தியரான சுந்தர ரெட்டியை மணந்தார். மணத்துக்கு முன்பே முத்துலட்சுமி ஒரு நிபந்தனை வைத்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம்முடைய சுதந்திரத்துக்கும் விருப்பங்களுக்கும் குறுக்கே நிற்கக்கூடாது என்பதே அது. சுந்தர ரெட்டி அதை ஏற்றுக்கொண்டார். பெண்ணின் விருப்பத்தை யாரும் கேட்காத காலத்தில், மாப்பிள்ளையிடம் தன் விருப்பத்தைத் தானே வாய்விட்டுச் சொன்ன பெண் அவர். இந்த இடத்தை நான் மூன்று முறை வாசித்தேன்.

ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்று இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். எனக்கு ஒவ்வொரு பிள்ளைப்பேற்றுக்கும் சம்பளத்தோடு 84 வேலைநாள் லீவு கிடைத்தது. அவர் காலத்தில் வேலை செய்யும் தாய்க்கு அப்படியொரு உரிமை இருக்கவில்லை. உடல்நிலையும் நல்லதல்ல, ஆஸ்துமாவால் அடிக்கடி வருந்தியவர். இதற்கிடையில் 1923 இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அக்கா வைத்தியராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

1925 இல், பெண்கள், குழந்தைகளின் நோய்கள் பற்றி மேலும் கற்க அரசாங்க உதவியோடு இங்கிலாந்து போகும் வாய்ப்பு வந்தது. பையன்கள் இருவரும் அப்போது சிறுவர்கள். பிள்ளைகளுக்காகத் தாய் பயணத்தைக் கைவிடவில்லை, பயணத்துக்காகப் பிள்ளைகளை விட்டுச் செல்லவும் இல்லை. கணவரும் பிள்ளைகளும் சேர்ந்தே கப்பலேறினார்கள். 1914 இல் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

திரும்பி வந்ததும் சென்னைச் சட்டசபைக்கு அவருடைய பெயர் முன்மொழியப்பட்டது. வைத்தியத் தொழில் பாதிக்கப்படுமே என்று முதலில் தயங்கினார். பெண்கள் அமைப்பினரின் வற்புறுத்தலால் சம்மதித்தார். 1927 இல் சபையின் உபதலைவராக ஏகமனதாகத் தெரிவானார். தேவதாசி முறையை ஒழிக்கவும் பெண்களின் திருமண வயதை உயர்த்தவும் அவர் வாதாடியதை எல்லாரும் அறிவர். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி வைத்தியசாலை வேண்டும், பாடசாலைப் பிள்ளைகளுக்கு வைத்தியப் பரிசோதனை வேண்டும் என்றும் அங்கே போராடினார். முஸ்லிம் மாணவியர் தங்கிப் படிக்க ஒரு விடுதி அமையவும் உழைத்தார். வீட்டில் குழந்தை வளர்த்த ஒருத்தி சபைக்குள் போனதால்தான் இந்தப் பேச்சுகள் அங்கே எழுந்தன என்று நினைக்கிறேன்.

1930 இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். அக்காலத்தில் போக்கிடமற்ற சில இளம்பெண்கள் அடைக்கலம் தேடி வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேறு இடம் கிடைக்காததால் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அவ்வை இல்லம் தோன்றியது இப்படித்தான். தங்கையின் நினைவு 1954 இல் அடையாறு புற்றுநோய் வைத்தியசாலையாக உருவெடுத்தது. 12 கட்டில்களோடு தொடங்கிய அந்த வைத்தியசாலைக்குச் சத்திரசிகிச்சை வைத்தியராகத் தோள்கொடுத்தவர் இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி. தாயின் வேலை தன்னைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டதாக அந்த மகன் எண்ணியிருந்தால், அதே வேலைக்குத் தன் வாழ்நாளைக் கொடுத்திருப்பாரா?

1968 ஜூலை 22 ஆம் திகதி அவர் காலமானார். இன்று தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அரசு வழங்கும் மகப்பேற்று நிதியுதவி அவருடைய பெயரிலேயே நடக்கிறது.

வாசித்து முடித்தபோது என் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார் நினைவுக்கு வந்தார்கள். 2009 யுத்தத்தில் கணவரை இழந்து, வயலிலும் தையல் ஆலையிலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் வன்னியெங்கும் இருக்கிறார்கள். வேலையை விடலாமா என்று யோசிக்கும் வசதிகூட அவர்களுக்கு இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணோ தாயோ சகோதரியோ பிள்ளையைப் பார்த்துக்கொள்வதால்தான் அவர்களுடைய அடுப்பு எரிகிறது. தனி ஒருத்தியாக எந்தத் தாயும் உழைக்கவில்லை. நானோ உதவி கேட்பதையே ஒரு குறையாக நினைத்து, கேட்காமலேயே களைத்துப்போயிருந்தேன்.

அன்றிரவு கடிதத்தை எடுத்துக் கணவரிடம் காட்டினேன். அவர் அதை வாசித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவருடைய கடை திறப்பது ஒன்பது மணிக்கு. காலை வேலைகளில் பாதியை அவர் செய்யலாம் என்பது எங்கள் இருவருக்குமே அதுவரை தோன்றவில்லை. இப்போது மகளுக்குத் தலைசீவிப் பாடசாலைக்குக் கூட்டிப்போவது அவர். பின்னல் கோணலாகத்தான் இருக்கும். மகளுக்கு அதில் குறையில்லை. மாமிக்கும் முதுகை நீட்டிப் படுக்கக் கொஞ்ச நேரம் கிடைக்கிறது. மகன் இன்னும் சில நாட்களில் வாசலில் நின்று அழத்தான் செய்கிறான். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன். ஆனாலும் கடிதத்தை அதிபரிடம் கொடுக்கவில்லை.

தங்கைகளே, நிக்காஹ் பேசும்போது நம் வீடுகளில் மஹரைப் பேசுகிறோம், சாப்பாட்டைப் பேசுகிறோம், மண்டபத்தைப் பேசுகிறோம். பிள்ளை பிறந்த பிறகு பெண்ணின் படிப்பும் உத்தியோகமும் என்னாகும் என்று எவரும் பேசுவதில்லை. புதுக்கோட்டைப் பெண் ஒருத்தி 1914 இலேயே அதைப் பேசினார். நான் ஏழு வருடம் பிந்திப் பேசினேன். நீங்கள் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.